பழைய டிராக்டரில் புதுச் சத்தமா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

"என்ன சத்தம்ணே வருது?"

"டொக் டொக்குனு வருது தம்பி."

"எங்கேர்ந்து வருது?"

"எங்கேன்னு சொல்லத் தெரியல. வண்டி பூராவும் வருது."

உழவு சீசனில் எந்த டிராக்டர் மெக்கானிக்கின் போனை எடுத்துக் கேட்டாலும் இப்படி ஓர் உரையாடல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் பலருக்குத் தெரிந்ததுதான். வண்டி பட்டறைக்குப் போகும். "எப்படியும் இத்தனை வருஷம் ஓடிடுச்சு, போர் வேலை பாத்துடலாம்ணே" என்பார்கள். இன்ஜின் இறங்கும். பத்து நாள் போகும். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசாகப் போட்டு, வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்து ரொட்டவேட்டரை மாட்டினால், அதே டொக் டொக்.

சத்தம் வந்தது இன்ஜினிலிருந்தே அல்ல, ரொட்டவேட்டருக்குப் போகும் ஷாஃப்டிலிருந்து.

தென்னந்தோப்பிலும் கரும்பு, மஞ்சள் வரிசைகளுக்கு நடுவிலும் ஓட்ட வாங்கிய மினி டிராக்டர்கள், அப்பா காலத்தில் வாங்கி இன்னும் கொட்டகையில் நிற்கும் 25, 35 குதிரைத்திறன் வண்டிகள் போன்றவற்றை நம்பியே பல சிறு விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. புது வண்டி வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதையும் சீசன் நேரத்தில் பத்து நாள் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பட்டறைக்குப் போகும் முன்பே ஓரளவு தெரிந்துவைத்துக்கொண்டால், மிச்சமாவது பணம் மட்டுமல்ல, பட்டமும்தான்.

சத்தம் ஏன் 'வண்டி பூராவும்' கேட்கிறது?

லாரி போல டிராக்டருக்கு அடியில் தனியாக சேஸிஸ் கிடையாது. பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜின், கிளட்ச் கூடு, கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கிய கனமான வார்ப்பிரும்புக் கூடுகள். இந்தக் கூடுகளின் தொடர்தான் வண்டியின் முதுகெலும்பு. இரும்பில் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும் அல்லவா? அதேதான் இங்கேயும். பின் ஆக்சிலில் அடிக்கும் அடி ஸ்டீயரிங் வரை வரும். இன்ஜினில் வரும் தட்டல் சீட்டுக்கு அடியில் கேட்கும். சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் நம்பி இடத்தைச் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

ஆகவே 'எங்கே' என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, 'எப்போது' என்று கேட்க வேண்டும். டிராக்டருக்குள் சுழலும் பாகங்கள் எல்லாம் எப்போதும் சேர்ந்து சுழல்வதில்லை. இன்ஜின் ஓடும்போதெல்லாம் சுழல்பவை சில. கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்தால் மட்டும் சுழல்பவை சில. வண்டி நகர்ந்தால் மட்டும், பிடிஓ போட்டால் மட்டும் சுழல்பவை வேறு சில. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வொன்றாக ஓட்டி, நிறுத்திப் பார்த்தால் சத்தம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தானாகவே மாட்டிக்கொள்ளும். இதற்கு ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

முதலில் துண்டைக் கழற்றி வையுங்கள்

சோதனைக்கு முன் ஒரு விஷயம். தோளில் துண்டு, இடுப்பில் லுங்கி, வேட்டியோடு ஓடும் டிராக்டர் பக்கத்தில் குனிந்து கேட்பது நம் ஊரில் சகஜம். பிடிஓ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. துண்டின் ஒரு நூல் முனை சிக்கினாலும், சுதாரித்துக் கையை எடுப்பதற்குள் பல சுற்று சுற்றிவிடும். பேண்ட், இறுக்கமான சட்டை, சமதளமான இடம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் ஆகியவை இருந்தால்தான் தொடங்க வேண்டும். சீட்டில் ஒருவர், கீழே நின்று கேட்க ஒருவர் என இரண்டு பேர் இருந்தால் நல்லது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே ஒரு சுற்று வந்து, கையால் ஆட்டிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பானெட் கொக்கி, சைலன்சர் கிளாம்ப், பேட்டரிப் பெட்டி, டூல் பாக்ஸ், மட்கார்டு. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தகரம் அதிர்ந்து வரும் 'கிண் கிண்' சத்தத்துக்காகப் பட்டறை வரை போய்த் திரும்பிய வண்டிகள் நிறைய. இன்ஜினுக்கு முன்னால் முன் ஆக்சிலைத் தாங்கும் சப்போர்ட்டின் போல்ட்டுகளையும், இன்ஜினும் கிளட்ச் கூடும் சேரும் இடத்துப் போல்ட்டுகளையும் பாருங்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருந்தாலோ, துருப்பொடி கசிந்திருந்தாலோ அது தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓட்டும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெடலை மிதித்தால் என்ன ஆகிறது?

இப்போது நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பெடலிலிருந்து காலை எடுத்து, பிடிஓ போடாமல் அரை நிமிடம் கேளுங்கள். பிறகு கிளட்ச் பெடலை மெதுவாக முழுக்க மிதியுங்கள். இந்த ஓர் அசைவு தரும் தகவல் கொஞ்சநஞ்சமல்ல.

பெடலை மிதித்தபோதும் விட்டபோதும் சத்தம் அப்படியே இருந்தால் அது இன்ஜின் பக்கம்தான் இருக்க வேண்டும். வாட்டர் பம்ப், டைனமோ, பெல்ட் எல்லாம் இதில் அடக்கம். வண்டியைப் பொறுத்து இன்ஜினே நேரடியாகச் சுற்றும் ஹைட்ராலிக் பம்பும் இந்தக் கூட்டத்தில் சேரும்.

மிதித்தவுடன் 'உய்ங்' என்றோ 'கரகர'வென்றோ புதிதாக ஒரு சத்தம் கிளம்பி, காலை எடுத்ததும் நின்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் உள்ள டிரைவர் என்றால் இந்தப் பேரிங்குக்கு ஆயுள் கம்மி. பெடலில் இருக்க வேண்டிய சிறு ஆட்டம் இல்லாமல் போயிருந்தாலும் இதே கதிதான். பேரிங்கின் விலை பெரிதில்லை, ஆனால் அதை மாற்ற வண்டியை நடுவில் பிளக்க வேண்டும். பிளக்கும்போதே கிளட்ச் தட்டு, பைலட் பேரிங் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரே கூலியில் முடியும்.

இதற்கு நேர்மாறாக, காலை எடுத்திருக்கும்போது கேட்ட சத்தம் பெடலை மிதித்ததும் அடங்கிப்போனால் அது கியர்பாக்ஸுக்குள். பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பிரிப்பதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். பல பழைய டிராக்டர்களில் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எங்கேயோ ஒரு சீல் கசிந்து ஆயில் இறங்கினால் மூன்றும் சேர்ந்தே முனக ஆரம்பிக்கும். ஆயிலை ஊற்றியதும் சத்தம் நின்றுபோவதும் உண்டு. கசிவை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது வேறு கதை.

கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டு, வண்டி நிற்கும் நிலையில் மட்டும் கிறீச்சிடுகிறதா? அப்போது சந்தேகப்பட வேண்டியது பைலட் பேரிங்கை. ஃப்ளைவீல் சுற்றுகிறது, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் பேரிங்தான்.

இரண்டு விநாடிக்கு ஒரு 'டொக்' வந்தால்?

சத்தத்தை எண்ணிப் பார்ப்பது பலரும் செய்யாத, ஆனால் மிக எளிமையான சோதனை. டிராக்டரை மெதுவாக, நடை வேகத்தில் ஓட்டினால் பின் சக்கரம் ஒரு சுற்று முடிக்க 2 முதல் 3 விநாடி ஆகும். அதே நேரத்தில் இன்ஜின் பல பத்துச் சுற்றுகள் சுற்றி முடித்திருக்கும். எனவே 'டொக்... டொக்...' என்று இடைவெளி விட்டு, சக்கரத்தோடு சேர்ந்து வரும் சத்தம் இன்ஜினிலிருந்து வர வாய்ப்பே இல்லை. சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம், டயர் பட்டனுக்குள் கல் செருகியிருக்கலாம், ஆக்சில் கடைசியில் உள்ள பேரிங்கோ பெரிய பல்சக்கரத்தில் உடைந்த ஒரு பல்லோ காரணமாகலாம். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், கோடு கீழே வரும் ஒவ்வொரு முறையும் சத்தம் வருகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

நேராகப் போகும்போது அமைதி, வளைக்கும்போது மட்டும் 'கட் கட்' என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். வண்டி இழுக்கும்போது ஊளையிட்டு, ஆக்சிலேட்டரைக் குறைத்து வண்டி தன் போக்கில் உருளும்போது அடங்கினால் (அல்லது இதற்குத் தலைகீழாக நடந்தால்) கிரவுன் பினியன் பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். முன் சக்கரத்தில் சந்தேகம் இருந்தால் ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங் அல்லது கிங்பின் புஷ். கிரீஸ் அடித்து எவ்வளவு நாளாச்சு என்று யோசித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ரொட்டவேட்டரைத் தூக்கினால் மட்டும் 'கட கட'

இதுவரை எந்தச் சோதனையிலும் சத்தம் மாட்டவில்லை என்றால், வண்டியை விட்டுவிட்டு அதன் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். 'கியர்பாக்ஸ் போச்சு' என்று பயந்து கொண்டுவரும் வண்டிகள் பலவற்றில் உண்மையான குற்றவாளி இங்கேதான் இருக்கும்.

டிராக்டரின் பிடிஓவிலிருந்து ரொட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குரோஸ் ஜாயின்ட் இருக்கும். ஷாஃப்ட் வளைந்த கோணத்திலும் சுழல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் சுழலும்போது இந்தப் பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும், அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தயங்கும். முன்பக்க ஜாயின்ட் செய்யும் இந்தக் குளறுபடியைப் பின்பக்க ஜாயின்ட் நேர் செய்துவிடும். அதற்கு இரண்டு பக்கக் கோணமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வரப்பு ஓரம் வந்ததும் டிரைவர் என்ன செய்கிறார்? பிடிஓவை நிறுத்தாமல் ரொட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, வண்டியைத் திருப்புகிறார். தூக்கும்போது ரொட்டவேட்டர் தலையைச் சாய்க்கிறது. இரண்டு பக்கக் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. 540 சுற்றில் விநாடிக்கு 18 முறை அந்த வேக ஏற்ற இறக்கம் நேராகாமல் அப்படியே ரொட்டவேட்டரின் கியர்பெட்டிக்கும் டிராக்டரின் பிடிஓ பேரிங்குக்கும் போய் அடிக்கிறது. 'கட கட கட'வென்று வண்டியே நடுங்குவது இதனால்தான். ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பிடிஓவை வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் இல்லை என்றால் டிராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிரைவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பிடிஓவுக்குத் தனி கிளட்ச் இல்லாத பழைய வண்டிகளில் அதை நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியையே நிறுத்த வேண்டும். ஏக்கருக்கோ மணிக்கோ கணக்குப் போட்டு ஓட்டுபவர் யார் அதைச் செய்வார்? நடைமுறையில் செய்யக்கூடியது, ரொட்டவேட்டர் கத்தி தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குவது. லிஃப்ட் லீவர் அதற்கு மேல் போகாமல் தடுக்கும் ஸ்டாப்பர் பல வண்டிகளில் உண்டு, அதை அந்த இடத்தில் வைத்து இறுக்கிவிடலாம். வேலை செய்யும் நிலையில் ரொட்டவேட்டரின் இன்புட் ஷாஃப்டும் டிராக்டரின் பிடிஓவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி டாப்லிங்கையும் சரிசெய்ய வேண்டும்.

அப்படியும் சத்தம் நிற்கவில்லையா? குரோஸின் கிண்ணங்களைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி இருக்கிறதா பாருங்கள். கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் துருவாக அரைபட்டு வெளியே வருவதுதான் அந்தப் பொடி. இன்னொன்று, ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடக்கும் தவறு. உள்ளே வெளியே நீளும் இரண்டு துண்டுகளையும் சேர்க்கும்போது நடுத்துண்டின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சில ஷாஃப்டுகளில் இதை ஒரு பல் தள்ளி மாட்டிவிட முடியும். மாட்டிவிட்டால், புது குரோஸ் போட்டாலும் அதிர்வு போகாது. வேறு டிராக்டரின் ஷாஃப்டை இரவல் வாங்கி மாட்டினால் நீளம் அதிகமாகி, தூக்கும்போது உள்ளே முட்டி 'டங்' என்று பிடிஓவை முன்னால் தள்ளும். இதுவும் கியர்பாக்ஸ் சத்தம் போலவே கேட்கும்.

தோப்புகளில் இன்னொரு தொல்லை. சொட்டுநீர்க் குழாய், பழைய சாக்குக் கயிறு, தென்னமட்டை நார் எல்லாம் ரொட்டவேட்டர் ரோட்டரின் ஓரத்தில் சுற்றிக்கொள்ளும். சுற்றியது இறுகி இறுகி ஆயில் சீலை அறுத்துவிடும். ஆயில் வெளியே போய், மண் உள்ளே போகும். சில நாளில் ஓரத்துப் பேரிங் 'கரகர'. இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றியிருப்பதைக் கத்தியால் அறுத்தெடுப்பது ஐந்து நிமிட வேலை.

இன்ஜின்தான் தட்டுகிறது என்றால்?

ஒற்றை சிலிண்டர் வண்டியின் சத்தத்தை மூன்று சிலிண்டர் வண்டியோடு ஒப்பிட்டுப் பயப்படக்கூடாது. ஐஷர் 242, தோப்புகளில் ஓடும் மஹிந்திரா யுவராஜ் 215 போன்றவற்றில் இருப்பது ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அதனால் கனமாக, இடைவெளி விட்டு 'டுக் டுக்' என்றுதான் ஓடும். அது குணம், கோளாறு இல்லை. கேட்க வேண்டியது, வழக்கமான சத்தத்துக்கு மேல் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்பதை.

தலைப்பகுதியிலிருந்து லேசான, தையல் மெஷின் போன்ற 'டிக் டிக்' வந்தால் டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்கின் வேகத்தில் பாதிதான் சுற்றும். அதனால் இந்த டிக் டிக் இன்ஜின் வேகத்தைவிட நிதானமாகவே கேட்கும். ஃபீலர் கேஜ் வைத்து, அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்தால் முடிந்தது. ஆனால் இதே சத்தத்தை இன்னொரு ஆளும் போடுவார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தாலும் டிக் டிக்தான். கசியும் இடத்தில் கருப்பாகப் புகை படிந்திருக்கும். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது நன்றாகக் கேட்கும்.

அடுத்தது எல்லோரையும் குழப்பும் சத்தம். 'டணங் டணங்' என்று சுத்தியலால் அடிப்பது போன்ற கடினமான தட்டல். கேட்டதும் "பேரிங் போச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாசில் ஒழுகினாலும் இதே சத்தம் வரும். டீசல் புகைபோலப் பரவாமல் சொட்டாக விழுந்தால் சட்டென மொத்தமாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். பம்ப் டைமிங் முன்னால் போனாலும் அதே விளைவு. இரண்டையும் பிரித்துப் பார்க்க மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் டீசல் குழாய் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். எந்தச் சிலிண்டரின் டீசல் நின்றதும் தட்டல் மறைகிறதோ அல்லது பெரிதாகக் குறைகிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். அந்த நாசிலைக் கழற்றி, பம்ப் வேலை செய்யும் கடையில் அழுத்தம் வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். நல்ல நாசிலை மாற்றிப் போட்டும் தட்டினால்தான் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் பக்கம் சந்தேகம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றி, நாசிலைப் பார்க்காமலேயே இன்ஜினை இறக்குவதுதான் பல வீடுகளில் நடக்கும் வீண் செலவு.

இந்தச் சோதனையை அனுபவம் உள்ளவர் கையில் விட்டுவிடுவதே நல்லது. அந்தக் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் கொண்டது. ஊசி குத்தியது போல் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. காமன் ரெயில் இன்ஜின் கொண்ட புது வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது.

குளிர்ந்திருக்கும்போது 'கொட கொட' என்று தட்டி, சூடு ஏறியதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. தேய்மானம்தான், ஆனால் நாளைக்கே நின்றுவிடாது. இந்தச் சீசனை ஓட்டிவிட்டு வேலை பார்க்கலாம். இதற்கு எதிர்மாறாக, காலையில் அமைதியாக இருந்துவிட்டு, ஆயில் சூடாகி இளகியதும் அடிவயிற்றிலிருந்து 'டொம் டொம்' என்று கிளம்பினால், அதுவும் லோடு ஏறும்போது அதிகமானால், அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கிராங்க் பேரிங் அல்லது ராடு பேரிங். இன்றைக்கு நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடு போகலாம். "இன்னும் அரை ஏக்கர்தான்" என்று ஓட்டினால் கிராங்க்கைக் கிரைண்டிங் போட வேண்டிவரும். அதையும் தாண்டினால் ராடு உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் எடை போட முடியும்.

சந்தேகம் தீர ஆயிலை வடித்துப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும். அதில் ஒரு காந்தத்தை விட்டு ஆட்டுங்கள். ஒட்டினால் எஃகுத் துகள்: கியர், ரிங், கேம் போன்றவை. மினுமினுப்பு இருந்தும் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பேரிங் ஷெல்லின் மேல்பூச்சுதான் உரிந்து வருகிறது.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது பட்டறைகளின் ஸ்டெதாஸ்கோப். வாட்டர் பம்ப், டைனமோ, டைமிங் கியர் மூடி, பம்ப் என்று இடம் மாற்றி மாற்றி வைத்தால், சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அங்கேதான் விஷயம். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் இந்த வேலை வேண்டாம். பெல்ட் கீச்சிடுகிறதா என்று பார்க்க, தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். சத்தம் ஒரு நொடி மாறினால் பெல்ட்தான்.

லிஃப்ட் தூக்கும்போது 'ஙொய்' என்கிறதா?

ஹைட்ராலிக் பம்புக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அளவு குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், உறிஞ்சும் பக்கம் எங்காவது காற்று இழுக்கலாம். கலப்பை குலுங்கிக் குலுங்கி ஏறினால் காற்றுதான் முதல் சந்தேகம். முழுக்கத் தூக்கிய பிறகும் கிறீச்சென்று கத்திக்கொண்டே இருந்தால் ரிலீஃப் வால்வு திறந்திருக்கிறது. லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் பட்டறை.

சேற்றுழவுக்குப் பிறகு வரும் சத்தம்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் டெல்டாவில் குறுவைச் சேற்றுழவு களைகட்டும். ஆக்சில் வரை சேற்றில் முங்கி நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போவது தவிர்க்க முடியாதது. சீசன் முடிந்து ஒரு மாதத்தில் பின்பக்கம் ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்தால் கியர் ஆயில் மோர் போல வெளுத்திருக்கும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அடியில் உள்ள டிரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், ஆயில் லேசு. உள்ளே தண்ணீர் நின்றிருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

ஆயில் விலையைப் பார்த்து, "கொஞ்சம்தானே வெளுத்திருக்கு" என்று அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடும் பேரிங்குகளில் துருப்பிடித்த குழிகள் விழும். பிறகு எத்தனை லிட்டர் புது ஆயில் ஊற்றினாலும் அந்த ஊளை போகாது. சீலை மாற்றி ஆயிலை மாற்றும் செலவு, ஒரு செட் பேரிங்கும் கிரவுன் பினியனும் வாங்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் கத்தினால்?

அபூர்வம்தான், ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே இன்ஜின் வேகமெடுத்து அலறினால், அது டீசலில் ஓடவில்லை, ஆயிலை இழுத்து எரித்து ஓடுகிறது. பழைய வண்டிகளில் இருக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றுவது இதற்கு ஒரு காரணம். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் டீசல்தான் நிற்கும், இன்ஜின் நிற்காது. காற்றை அடைக்க வேண்டும். ஏர் கிளீனர் வாயைக் கனமான பலகையாலோ, உள்ளே இழுபடாத அளவுக்குத் தடித்த மடித்த சாக்காலோ மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. சீட்டில் ஆள் இருந்தால், முன்னால் யாரும் இல்லை என்று பார்த்து, பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்ச்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்தலாம். இரண்டும் முடியாவிட்டால் தள்ளிப் போய்விடுங்கள். அந்த வேகத்தில் உடையும் இன்ஜின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

யார் காதால் கேட்பது?

மூடிய கேபின் இல்லாத பழைய டிராக்டரில் டிரைவரின் காதருகே இரைச்சல் மிக அதிகம். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதைப் பாதுகாப்பு எல்லையாகப் பொதுவாகச் சொல்வார்கள். பழைய வண்டிகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். பல வருடம் ஓட்டியவரின் காதில் முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகள். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது வரும் மெல்லிய 'உய்ங்' அந்த ரகம்தான். வண்டியை நன்றாகத் தெரிந்த அப்பாவுக்கு அது கேட்காது. காலேஜ் லீவில் வந்த மகளுக்குக் கேட்கும். அவர் "ஏதோ விசில் அடிக்குதுப்பா" என்று சொன்னால், "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று தட்டிக் கழிக்க வேண்டாம்.

இப்போது பலரும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போன் மைக் பெரிய சத்தத்தைக் குறைத்து, சின்னச் சத்தத்தைத் தூக்கி எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். அடிவயிற்று 'டொம் டொம்' சரியாகப் பதிவாகவே ஆகாது. அதனால் வெறும் சத்தத்தை அனுப்பாமல், என்ன செய்கிறீர்கள் என்பதையும் வாயால் சொல்லிக்கொண்டே பதிவு செய்யுங்கள். "இப்போ நியூட்ரல்... இப்போ கிளட்ச் மிதிக்கிறேன்... விட்டுட்டேன்... பிடிஓ போடுறேன்... லிஃப்ட் தூக்குறேன்." கூடவே நான்கு விவரங்களை டைப் செய்து அனுப்பலாம். சத்தம் குளிர்ந்த நிலையிலா, சூடான பிறகா? கடைசியாக என்ன வேலை செய்யும்போது ஆரம்பித்தது? இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் எப்போது மாற்றியது? சத்தம் வருவதற்கு முந்தைய வாரம் வண்டியில் யார் என்ன கழற்றி மாட்டினார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஒண்ணும் பண்ணலையே" என்றுதான் பதில் வரும். இன்னொரு முறை கேட்டால், "பக்கத்துத் தோட்டத்து ஷாஃப்டை மாட்டுனோம்ல" என்று வீட்டில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.